ஒரே கார்டில் இரண்டு வேலை: இன்சைட்ஃபேஸும் விஎல்எல்எம்மும்

ஒரு குடும்பத்தார் மூன்று தலைமுறைகளாகக் காத்துவரும் ஸ்டுடியோப் புகைப்படங்களை வகைப்படுத்தித் தரும் பணி சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. திருமணக் குழுப் படங்கள், பள்ளி ஆண்டுவிழாப் படங்கள், தனி உருவப்படங்கள் என ஆயிரக்கணக்கான அச்சுகள் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன. பலவற்றின் பின்புறத்தில் பென்சிலில் எழுதியிருந்த குறிப்புகளைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். படங்களில் உள்ள முகங்களைக் கண்டுபிடித்து ஒருவரின் முகங்களை ஓரிடத்தில் சேர்ப்பது முதல் வேலை; சிதறிக்கிடக்கும் குறிப்புகளை ஒரே சீரான தமிழ் விவரக்குறிப்புகளாக மாற்றுவது இரண்டாம் வேலை. முதலாவதற்கு இன்சைட்ஃபேஸ் தொகுப்பையும் இரண்டாவதற்கு, மொழி மாதிரிகளை இயக்கித் தரும் விஎல்எல்எம் என்ற மென்பொருளையும் பயன்படுத்தினேன். இரண்டின் நிரலும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலப் படைப்பு. என்னிடம் இருந்ததோ 24 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே ஒரு ஜிபியு கார்டு, அதாவது வரைகலை அட்டை. இந்த அளவு வசதியோடு இத்தகைய வேலையில் இறங்குவோருக்கு எது எப்படி உதவும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இன்சைட்ஃபேஸ், முகம் சார்ந்த பல ஆய்வுகளின் நிரல்களும் பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகளும் ஒன்றுசேர்ந்த தொகுப்பு. அதன் உயிர்நாடி, ஜியான்காங் டெங், ஜியா குவோ ஆகியோர் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களோடு சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆர்க்ஃபேஸ் முறை. ஒவ்வொரு முகமும் 512 எண்கள் கொண்ட ஒரு திசையாக மாற்றப்படுகிறது. ஒருவருடைய படங்களின் திசைகள் நெருங்கியும் வெவ்வேறு நபர்களின் திசைகள் விலகியும் இருக்க வேண்டும். இதற்காகப் பயிற்சியின்போது ஒரு முகத்துக்கும் அந்த நபரின் மையத் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தில் 0.5 ரேடியனை, அதாவது ஏறத்தாழ 28.6 பாகையை, வேண்டுமென்றே கூட்டிவிடுகிறார்கள். கூட்டிய பிறகும் அந்த முகம் தன் நபரோடுதான் அதிகம் பொருந்த வேண்டும் என்ற கட்டாயத்தால், மாதிரி ஒவ்வொருவரையும் தேவைக்கு மேலேயே இறுக்கமாகத் திரட்டக் கற்றுக்கொள்கிறது. இவ்வளவு எளிய ஒரு மாற்றம் இவ்வளவு பெரிய பலனைத் தந்ததை இன்றும் வியந்து பார்க்கிறேன். எல்எஃப்டபிள்யூ என்ற பழைய சோதனைத் தொகுப்பில் ஆர்க்ஃபேஸ் 99.83 விழுக்காடு பெற்றது. அதாவது 6,000 இணைகளில் ஏறத்தாழப் பத்தே பிழைகள். ஆனால் அது செய்திப் படங்களில் வந்த பிரபலங்களின் முகங்களால் ஆன தொகுப்பு. பூஞ்சை பிடித்த புரோமைடு அச்சில், பன்னிரண்டு வயதில் ஒரு முறையும் அறுபது வயதில் ஒரு முறையும் எடுக்கப்பட்ட ஒருவரின் இரண்டு படங்களுக்கு அந்த எண்ணை உத்தரவாதமாகக் கொள்ள முடியாது.

நடைமுறையில் நான் அதிக நேரம் செலவிட்டது அடையாளம் காணும் பகுதியில் அன்று, அதற்கு முந்தைய கண்டறியும் பகுதியில். இன்சைட்ஃபேஸ் தரும் பஃபலோ எல் என்ற மாதிரித் தொகுதியை நிறுவி, எடுத்துக்காட்டு நிரலில் உள்ளபடியே இயக்கினால், எந்தப் படமும் 640க்கு 640 புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட சதுரத்துக்குள் சுருக்கப்பட்ட பின்னரே முகம் தேடப்படுகிறது. செல்பேசியில் எடுத்த படங்களுக்கு இது போதும். 6,000 புள்ளி அகலத்தில் ஸ்கேன் செய்த பள்ளிக் குழுப் படத்திலோ, 120 புள்ளி அகலமுள்ள ஒரு முகம் 13 புள்ளிக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. இதில் கண்ணுக்கு உடனே தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய ஐந்து இடங்கள் இந்தச் சுருங்கிய படத்தில்தான் குறிக்கப்படுகின்றன. ஆனால் முகத்தை நிமிர்த்தி 112க்கு 112 புள்ளித் துண்டாக வெட்டியெடுப்பது மூலப் படத்திலிருந்து. சுருங்கிய படத்தில் ஒரே ஒரு புள்ளி பிசகினால் மூலப் படத்தில் ஒன்பது புள்ளிக்கு மேல் பிசகும். வெட்டப்பட்ட முகம் சாய்ந்தோ தள்ளியோ போனால், பின்னால் வரும் 512 எண்களும் அந்தக் கோணலைச் சுமந்துகொண்டே வருகின்றன. பெரிய குழுப் படங்களை ஓரம் சற்றே மேற்படிந்த துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் தேடியபோதுதான், பின்வரிசையில் நின்றிருந்தவர்கள் முறையாகத் தொகுக்கப்பட்டார்கள். இரு முகங்கள் எவ்வளவு ஒத்தவை என்று சொல்லும் ஒப்புமை மதிப்பெண்ணின் வரம்பை மாற்றிப் பார்ப்பதற்கு முன், வெட்டிய முகத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக் கண்ணால் பாருங்கள் என்பதே இத்தொகுப்பை எடுப்பவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்.

பஃபலோ எல் தொகுதியில் பாலினத்தையும் வயதையும் ஊகிக்கும் ஒரு மாதிரியும் சேர்ந்தே வருகிறது. கண்டறிதல், அடையாளத் திசை ஆகிய இரண்டை மட்டும் ஏற்றும்படி அமைத்து மற்றவற்றை நான் நிறுத்திவிட்டேன். நினைவகம் மிச்சமாவது ஒரு காரணம். 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் அன்றைய வணிகச் சேவைகளைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைச் சொல்வதில் 0.8 விழுக்காட்டைத் தாண்டாத பிழை, கருநிறப் பெண்களிடத்தில் 34.7 விழுக்காடு வரை சென்றது என்று காட்டினார்கள். அந்த ஆய்வைப் படித்த பிறகு, எங்கள் பாட்டிமார்களின் படங்களுக்கு அப்படிப்பட்ட ஒரு ஊகத்தைச் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தொகுப்பின் மாதிரி அந்தச் சோதனையில் இடம்பெற்றதன்று. ஆனாலும் பாலினமும் வயதும் என் பணிக்குத் தேவையே இல்லாதபோது, தவறாக இருக்கக்கூடிய ஒரு தகவலை ஆவணத்தில் ஏன் பதிய வேண்டும்?

உரிமம் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரல் எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட மாதிரிகள் வணிகம் சாராத ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டுமே தரப்படுகின்றன. நிரலின் உரிமத்தை மட்டும் படித்துவிட்டு மாதிரியைக் கடை வருகைப்பதிவுக் கருவியில் பொருத்துவோர், இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். முகத் தரவின் வரலாறே இந்த எச்சரிக்கையைக் கேட்கிறது: மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட, ஒரு லட்சம் பேரின் ஏறத்தாழ ஒரு கோடிப் படங்கள் கொண்ட எம்எஸ் செலப் தொகுப்பு 2019இல் திரும்பப் பெறப்பட்டது.

இனி இரண்டாம் வேலைக்கு வருகிறேன். முகத்தைப் பொறுத்தவரை எதுவும் அளவு மாறுவதில்லை. எந்த முகமானாலும் 112க்கு 112 துண்டாகத்தான் உள்ளே போகும். 512 எண்களாகத்தான் வெளியே வரும். சேமிக்க 2 கேபி போதும். ஒரு நேரத்தில் 64 முகங்களைக் கொடுத்தால் எவ்வளவு நினைவகம் தேவை என்பதை முன்கூட்டியே காகிதத்தில் கணக்கிட்டுவிடலாம். மொழி மாதிரி அப்படிப்பட்டதன்று. ஒருவர் ஒரு வரிக் குறிப்பைத் தருவார். இன்னொருவர் மூன்று பக்கத்தைத் தருவார். விடை எத்தனை சொல்லில் முடியும் என்பது முடியும்வரை எவருக்கும் தெரியாது. எழுதிக்கொண்டே போகும்போது, இதுவரை வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது மாதிரி உரையைப் பிரித்துக் கையாளும் ஒவ்வொரு சொல்துண்டுக்கும், உரிய இடைநிலைக் கணக்குகளைக் கார்டின் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். இதைத்தான் கேவி கேஷ் என்கிறார்கள். மெட்டா வெளியிட்ட லாமா 3.1 குடும்பத்தின் 800 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியில் 32 அடுக்குகள், அடுக்குக்கு 8 கேவி தலைகள், தலைக்கு 128 எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 2 பைட் என்று பெருக்கி, கே, வி இரண்டுக்குமாக இரட்டித்தால், ஒரு டோக்கனுக்கு 128 கேபி வருகிறது. ஒரு முழு முகத்துக்கு 2 கேபி. ஒரு சொல்லின் துண்டுக்கு 128 கேபி, அதாவது அறுபத்து நான்கு முகங்களின் இடம். முகத் துறையிலிருந்து வந்த எனக்கு, மொழி மாதிரிகளை ஒரே நேரத்தில் பலருக்குப் பரிமாறுவது ஏன் தனியொரு ஆய்வுத் துறையாக வளர்ந்தது என்பதை இந்த ஒப்பீடே விளங்க வைத்தது.

விஎல்எல்எம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வூசுக் குவோன், ஷுவோஹான் லீ உள்ளிட்ட குழுவினர் 2023இல் உருவாக்கியது. அதற்கு முன்பிருந்த சேவை மென்பொருள்கள், ஒரு கோரிக்கை வந்தவுடனே அது எட்டக்கூடிய அதிகபட்ச நீளத்துக்கும் சேர்த்துத் தொடர்ச்சியான ஓரிடத்தை ஒதுக்கிவிட்டன. வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாததால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முழுப் பந்தியையே இலை போட்டு வைப்பதைப் போன்றது அது. நான்கு பேர் வந்து உண்டு எழுந்தாலும் மற்ற இலைகளில் வேறு எவரும் அமர முடியாது. அந்த முறைகளில் ஒதுக்கிய கேவி நினைவகத்தில் 20.4 முதல் 38.2 விழுக்காடு மட்டுமே உண்மையான டோக்கன்களுக்குப் பயன்பட்டது என்று அக்குழு தன் கட்டுரையில் அளந்து காட்டியது. விலையுயர்ந்த கார்டில் கேவி கேஷுக்கென ஒதுக்கிய இடத்தில் பாதிக்கு மேல் வெற்று இலைகளாகக் கிடந்தது என்றே இதைப் படிக்க வேண்டும்.

அவர்கள் கையாண்ட தீர்வு, இயங்குதளங்கள் 1960களிலிருந்தே பயன்படுத்திவரும் பக்கமுறை நினைவகம். கேவி கேஷை 16 டோக்கன்கள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, தேவைப்படும்போது ஒவ்வொரு கட்டமாகக் கொடுக்கிறார்கள். கட்டங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. எந்தக் கோரிக்கையின் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு குடும்பத்தினர் வெவ்வேறு பந்திகளில் அமர்ந்தாலும், யார் எங்கே என்ற சீட்டு பரிமாறுபவர் கையில் இருந்தால் போதும் அல்லவா? இதனால் வீணாவது, கடைசிக் கட்டத்தில் நிரம்பாமல் நிற்கும் சில இடங்கள் மட்டுமே. இந்தப் பேஜ்டு அட்டென்ஷன் முறையால், அதே தாமத அளவில் முந்தைய சிறந்த முறைகளைவிட 2 முதல் 4 மடங்கு வரை அதிகக் கோரிக்கைகளைக் கையாள முடிந்ததாக அக்கட்டுரை பதிவு செய்கிறது. இங்கே கணிப்பு வேகமாகவில்லை. ஒரே நினைவகத்தில் அதிகம் பேருக்கு இடம் கிடைத்தது. கார்டு சும்மா இருக்கும் நேரம் குறைந்தது.

இதோடு, ஒருவர் முடித்து எழுந்த உடனே அடுத்தவரை அமர்த்தும் முறையும் இணைகிறது. 2022இல் ஆர்கா என்ற ஆய்வு இதற்கு வழிகாட்டியது. பந்தியில் கடைசி ஆள் மோர் குடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் எழாமல் காத்திருப்பது மரியாதை. ஓட்டலில் அப்படிக் காத்திருந்தால் வாசலில் நிற்பவர்கள் போய்விடுவார்கள். ஒரு வரிக் குறிப்புகளும் மூன்று பக்கக் குறிப்புகளும் கலந்து வந்த என் பணியில், நான் நேரில் உணர்ந்த வேறுபாடு இதுதான். நீண்ட குறிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறு குறிப்புகள் வரிசையாக முடிந்து வெளியேறிக்கொண்டிருந்தன.

தமிழுக்கு இந்த நினைவக மேலாண்மை ஆங்கிலத்தைவிட அதிகம் முக்கியமானது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அதுவே. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப் 8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் பதினைந்து பைட்டுகள். டோக்கன் பிரிப்பான் தமிழை அறியாததாக இருந்து ஒவ்வொரு பைட்டையும் ஒரு டோக்கனாக உடைத்தால், இந்த ஒரு சொல் மேற்சொன்ன மாதிரியில் 1,920 கேபி பிடிக்கும். ஆங்கிலத்தில் இத்தகைய சிறு சொல் பெரும்பாலும் ஒரே டோக்கனில் முடிந்துவிடும். எல்லாப் பிரிப்பான்களும் அவ்வளவு மோசமானவை அல்ல. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் புதிய பிரிப்பானை அறிமுகப்படுத்தியபோது, அது காட்டிய தமிழ் எடுத்துக்காட்டு 116 டோக்கன்களிலிருந்து 35 ஆகக் குறைந்திருந்தது. அந்த 116 தான் அதுவரை நாம் செலுத்திவந்த விலை. ஆகவே தமிழுக்கு மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதன் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், தங்களுடைய உரையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து எத்தனை டோக்கன்களாகப் பிரிகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். டோக்கன் இரட்டித்தால் நினைவகமும் இரட்டிக்கும். காத்திருப்போர் வரிசையும் நீளும்.

இரண்டு கருவிகளையும் ஒரே கார்டில் ஏற்றியபோது ஒரு பிழை செய்தேன். விஎல்எல்எம் தொடங்கும்போதே கார்டின் நினைவகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது. கேவி கட்டங்களுக்கான இடத்தை முன்பே கணக்கிட்டு வைப்பதற்காக இப்படிச் செய்கிறது. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் அதை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு முகத் தேடலைத் தொடங்கினேன். பெரிய துண்டுகள் வந்தவுடன் முகத் தேடல் நினைவகம் போதாமல் நின்றது. விகிதத்தை 0.8 ஆகக் குறைத்தால் 24 ஜிபியில் 19.2 ஜிபி கிடைக்கும். மாதிரியின் எடைகள், அதாவது அது பயிற்சியில் கற்ற எண்கள், 16 ஜிபியைப் பிடித்துக்கொள்ள, இடைக்கணிப்புகளுக்கு விட்டது போக ஏறத்தாழ 2 ஜிபி எஞ்சும். அதில் 16,384 டோக்கன்கள் அடங்கும். கேள்வியும் விடையுமாக ஆயிரம் டோக்கன்கள் கொண்ட பதினாறு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் ஓடலாம் என்று பொருள். அந்த மாதிரி ஏற்கும் அதிகபட்ச நீளமோ 1,31,072 டோக்கன்கள். அதை அப்படியே விட்டால் அதற்கு மட்டுமே 16 ஜிபி வேண்டும் என்பதால், விஎல்எல்எம் தொடங்கவே மறுத்து, நீளத்தைக் குறைக்குமாறு சொல்கிறது. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. நள்ளிரவில், வேலை பாதி முடிந்த நிலையில் விழுவதைவிட, தொடக்கத்திலேயே கணக்கு உதைக்கிறது என்று சொல்லிவிடுவது மேல்.

எடைகளை 8 பிட்டாகச் சுருக்கிய வடிவத்துக்கு மாறிய பின் இடநெருக்கடி பெருமளவு தீர்ந்தது. 4 பிட் வடிவத்தையும் முயன்றேன். ஊர்ப்பெயர்களிலும் உறவுமுறைச் சொற்களிலும் வேற்றுமை உருபுகள் பிசகுவதைக் கண்டு கைவிட்டேன். இத்தகைய சுருக்கங்களை அளவுசெய்யப் பயன்படும் மாதிரி உரைகள் பெரும்பாலும் ஆங்கிலமாக இருப்பதால், ‘தரம் குறையவில்லை’ என்ற கூற்றைத் தமிழில் தனியே சோதித்த பிறகே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு மிகுந்த பயன் தந்த வசதி, முன்பகுதிச் சேமிப்பு. எல்லாக் கோரிக்கைகளும் ஒரே அறிவுறுத்தலுடன் தொடங்கினால், அந்தப் பகுதியின் கட்டங்களை ஒருமுறை கணித்து எல்லோருக்கும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் பொருத்தம் முதல் டோக்கனிலிருந்தே தொடங்க வேண்டும். என் முதல் வடிவத்தில் படத்தின் வரிசை எண் மேலேயும் நீண்ட அறிவுறுத்தல் கீழேயும் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் முதல் வரியே மாறியதால் எதுவும் பகிரப்படவில்லை. அறிவுறுத்தலையும் எடுத்துக்காட்டுகளையும் மேலே ஏற்றி, எண்ணையும் குறிப்பையும் கடைசிக்குக் கொண்டுபோனதும், ஒரு வரி நிரல்கூட மாற்றாமல், விடை தொடங்கும்வரை காத்திருக்கும் நேரம் தெளிவாகக் குறைந்தது. தமிழில் அறிவுறுத்தல் எழுதுவோருக்கு, டோக்கன் அதிகம் என்பதால், இந்த மிச்சமும் அதிகம்.

திரையில் விடை சொட்டுச்சொட்டாக வரும் காட்சியில் ஒரு சிறு குறை உண்டு. முழுமை பெறாத பைட்டுகளை மென்பொருள் நிறுத்தி வைத்து, குறியீடு முழுமையான பிறகே அனுப்புகிறது. ஆனால் மெய்யும் அதன் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், முதலில் ‘க’ என்று தோன்றி மறுகணம் அது ‘கொ’ ஆக மாறுவது கண்ணை உறுத்தும். உலாவிப் பக்கத்தில் கடைசி எழுத்தை மட்டும் ஒரு கணம் தாமதித்துக் காட்டுமாறு நானே அமைத்துக்கொண்டேன்.

குறைகளைச் சொல்வதானால், விஎல்எல்எம் மிக வேகமாக மாறுகிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய வழிகாட்டியைப் பின்பற்றினால் பெயர் மாறிய அமைப்புகளில் தடுக்கி விழ நேரும். தொடங்குவதற்கும் பொறுமை வேண்டும். அது கேட்கும் பைடார்ச், குடா ஆகிய துணை மென்பொருள்களின் பதிப்புகளும் இன்சைட்ஃபேஸுக்குத் தேவைப்படும் ஆனிக்ஸ் இயக்கியின் பதிப்புகளும் எளிதில் முரண்படுகின்றன என்பதால், இரண்டையும் தனித்தனிச் சூழல்களில் நிறுவுவதே நல்லது. ஒருவர் மட்டும் தம் மடிக்கணினியில் கேட்டுப் பார்ப்பதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. அதற்கு லாமா சிபிபி போதும். ஒரே உரையாடலின் பல கிளைகளை ஓட்டுபவர்கள் எஸ்ஜிலாங் மென்பொருளையும் பார்க்கலாம். பலருடைய கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வரும் இடத்தில், அல்லது ஆயிரக்கணக்கான குறிப்புகளை ஒரே இரவில் முடிக்க வேண்டிய இடத்தில், நான் விஎல்எல்எம்மையே பரிந்துரைப்பேன்.

இப்போது முகத் தேடலும் மொழிப் பணியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. முகங்கள் முழுவதும் தொகுக்கப்பட்ட பின் அந்த இயக்கத்தை நிறுத்தி, கார்டை முழுமையாக விஎல்எல்எம்மிடம் கொடுத்துவிடுகிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுகிறேன். அந்த நாளில் குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் தொகுப்புகளைப் பார்த்து, ‘இது பெரியப்பா இல்லை, அவருடைய தம்பி’ என்று பிரித்துத் தருகிறார். அவர் உறுதி செய்த பெயர்கள் மட்டுமே மொழி மாதிரிக்குப் போகின்றன. மற்ற முகங்களுக்கு நேரே பெயருக்கான இடம் காலியாக நிற்கிறது.